பேசணும்னா வீட்லயே பேசிக்கலாமேன்னு சொன்ன ரெஸ்டாரன்ட் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகத்துக்கு,

வாசல்ல புதுசா ஒரு போர்டு வச்சிருக்கீங்க. "இசையின் அளவு எங்கள் அனுபவத்தின் ஒரு பகுதி. தயவுசெய்து குறைக்கச் சொல்ல வேண்டாம்." கீழ ஒரு சிரிக்கிற பொம்மை முகம் வேற. இத்தனை நாள் நேர்லயும் உங்க ஃபீட்பேக் ஃபார்ம்லயும் சொல்லிட்டு, சரி ஏதாவது பண்ணுவாங்கன்னு காத்திருந்த எங்களுக்கு நீங்க குடுத்த பதில் இதுதான்னு புரிஞ்சுது. அதனாலதான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதறேன். உங்க ரெஸ்டாரன்ட் பேரைப் போடல, போட்டு அசிங்கப்படுத்துற எண்ணமும் இல்ல, படிச்சா இது உங்களுக்குத்தான்னு உங்களுக்கே தெரியும். இதே மாதிரி புதுப்பிச்சு வச்சிருக்கிற மத்த ஓனர்களும் இது நமக்கும்தான்னு எடுத்துக்கிட்டா ரொம்ப சந்தோஷம்.

மொதல்ல நீங்க எதைக் கெடுத்தீங்கன்னு சொல்லிடறேன், ஏன்னா புதுசா வந்த மேனேஜருக்கு அது தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல. பழைய ஹால்ல ஜன்னலுக்கெல்லாம் கனமான திரை இருந்துது, சேர்ல மெத்தை இருந்துது, டேபிள்ல துணி விரிச்சிருக்கும், ஒரு சுவர் முழுக்க யாரும் படிக்காத புத்தகங்களா அடுக்கி வச்சிருப்பீங்க, தரையில கால் புதையற மாதிரி ஒரு கம்பளம். மத்தியானம் வந்து உக்காந்தா சாயங்காலம் விளக்குப் போடற வரைக்கும் இருப்போம், யாரும் பில்லைக் கொண்டு வந்து வச்சுட்டு தலைமாட்டுல நின்னதில்ல. பக்கத்து டேபிள்ல யாரோ சிரிப்பாங்க, ஸ்பூன் சத்தம் கேக்கும், கிச்சன் கதவு திறந்தா கொஞ்சம் வாசனையும் கொஞ்சம் கூச்சலும் வெளிய வரும், எங்கயோ மெல்லிசா ஒரு பாட்டு போகும், ஆனா அது என்ன பாட்டுன்னு கவனிச்சாத்தான் தெரியும். சாப்பாடு நல்லாருக்கும், இல்லன்னு சொல்லல, ஆனா சாப்பாட்டுக்காக மட்டும்னா இதைவிட நல்ல இடம் வேற இருந்துது. நாங்க வந்தது அந்த டேபிளுக்காக. என் தங்கச்சி தான் யாரைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்னு மொதல்ல வாயைத் திறந்து சொன்னது அங்கதான். ரிட்டயர் ஆனப்புறம் வாயே திறக்காம இருந்த அப்பா, வேலைக்குச் சேர்ந்த புதுசுல நடந்த கதையெல்லாம் ஒண்ணுவிடாம சொன்னதும் அங்கதான்.

இப்ப அதே ஹால்ல கம்பளம் இல்ல, பளபளன்னு டைல்ஸ். திரை இல்ல, தரையிலேருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. மெத்தை சேர் போய் இரும்பு சேர், டேபிள் துணி போய் வெறும் கல்லு, புத்தக அலமாரி இருந்த இடத்துல பூச்சே இல்லாத சிமென்ட் சுவர், அதுல ஒரு நியான் எழுத்து, முன்னாடி நின்னு எல்லாரும் போட்டோ எடுக்கறாங்க. போட்டோல ரொம்ப அழகாத்தான் இருக்கு. போட்டோவுக்கு சத்தம் கிடையாதே. மேல மூலைக்கு மூலை ஸ்பீக்கர். கூட்டம் ஏற ஏற உங்க ஆளுங்க வால்யூமையும் ஏத்துறாங்க, அதை நானே கண்ணால பாத்தேன், கவுன்டர்ல இருந்த பையன் போனை எடுத்து கட்டை விரலால ஒரு இழுப்பு, அவ்வளவுதான், எதிர்ல உக்காந்திருந்த அண்ணன் பேசறது எனக்கு வாயசைப்பா மாறிடுச்சு.

இது எனக்கு வயசாகுது, அதனால புலம்பறேன்னு நினைக்காதீங்க, இதுல ஒரு கணக்கு இருக்கு. 1895ல அமெரிக்காவுல ஹார்வர்ட்ல புதுசா ஒரு லெக்சர் ஹால் கட்டினாங்க, பாக்க பிரமாதம், ஆனா உள்ள நின்னு பேசினா ஒரு வார்த்தையும் புரியல, ஒரு சத்தம் எழும்பி அடங்க அஞ்சரை செகண்ட் எடுத்துக்கிச்சு. ஒரு வாக்கியம் முடியறதுக்குள்ள அடுத்த வாக்கியம் அது மேல ஏறி உக்காந்தா யாருக்குப் புரியும்? இதைச் சரி பண்ணுன்னு வாலஸ் சபைன்னு ஒரு இளம் பிசிக்ஸ் வாத்தியார் கிட்ட ஒப்படைச்சாங்க. அவர் ராத்திரி ராத்திரியா பக்கத்து தியேட்டர்லேருந்து சீட் மெத்தைகளைத் தூக்கிட்டு வந்து ஹால்ல அடுக்கி, ஆர்கன்ங்கற இசைக்கருவியோட குழாய் ஒண்ணை ஊதவிட்டு, சத்தம் அடங்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு ஸ்டாப்வாட்ச் வச்சு காதாலயே அளந்தாரு. மெத்தை கூடக் கூட எதிரொலி குறைஞ்சுது. ஒரு ரூம்ல சத்தம் எவ்வளவு நேரம் சுத்திட்டு இருக்கும்ங்கறது அந்த ரூமோட கொள்ளளவையும் உள்ள இருக்கிற பொருள் எவ்வளவு உறிஞ்சுதுங்கறதையும் பொறுத்ததுன்னு அவர் போட்ட கணக்கைத்தான் இன்னிக்கும் ஹால் கட்டறவங்க பயன்படுத்தறாங்க. நீங்க என்ன பண்ணீங்க? அந்த மனுஷன் கஷ்டப்பட்டு உள்ள கொண்டு வந்த மெத்தையை எல்லாம் வெளிய தூக்கிப் போட்டுட்டீங்க. டைல்ஸும் சிமென்டும் பேச்சு சத்தத்துல நூத்துக்கு அஞ்சு பங்கு கூட உறிஞ்சாது, மீதி அத்தனையும் திரும்ப எங்க தலை மேலயே வந்து விழுது.

அதோட நிக்கல. 1911ல எத்தியென் லொம்பார்னு ஒரு பிரெஞ்சு காது டாக்டர் ஒரு விஷயத்தை எழுதினார்: காதுல இரைச்சல் விழுந்தா மனுஷன் தனக்கே தெரியாம குரலை உயர்த்திடறான், இரைச்சலை நிறுத்தினதும் குரல் தானா எறங்கிடுது. அவர் பேரையே அதுக்கு வச்சிருக்காங்க. உங்க ஹால்ல நடக்கறது அச்சு அசல் இதுதான். பாட்டு சத்தம், அதைத் தாண்டிக் கேக்கணும்னு ஒரு டேபிள் கொஞ்சம் கத்தும், அதைத் தாண்டிக் கேக்கணும்னு பக்கத்து டேபிள் இன்னும் கொஞ்சம், இப்படியே சுத்தி வந்து மொத்த ஹாலும் கத்திட்டு இருக்கும், அந்த நேரம் பாத்து உங்க கவுன்டர் பையன் பாட்டு கேக்கலையேன்னு வால்யூமை ஏத்துவான். இதை நீங்க வைப்னு சொல்றீங்க. யாரும் கத்தணும்னு ஆசைப்பட்டுக் கத்தல சார், வேற வழியில்லாம கத்தறாங்க.

எங்க டேபிள்ல வச்சு போன் ஆப்ல சத்தத்தை அளந்து பாத்தேன். போன் லேப் மெஷின் இல்ல, முன்ன பின்ன காட்டும்னு எனக்கும் தெரியும். ஆனா எண்பத்தஞ்சு டெசிபலைச் சுத்தியே நின்னுது (டெசிபல்தான் சத்தத்தை அளக்கிற அலகு), கீழ எறங்கவே இல்ல. ரெண்டு பேர் சாதாரணமா பேசறது ஏறக்குறைய 60 டெசிபல். பத்து டெசிபல் கூடினா சத்தத்தோட சக்தி பத்து மடங்கு, காதுக்கு ரெண்டு மடங்கா தோணும். அப்ப எண்பத்தஞ்சுல உக்காந்து அறுபதுல பேசுன்னா எப்படிப் பேசறது, நீங்களே சொல்லுங்க.

இப்ப அம்மா விஷயத்துக்கு வரேன், கோபம் எல்லாம் இங்கதான் இருக்கு.

எங்க அம்மாவுக்கு ரெண்டு காதுலயும் ஹியரிங் எய்ட். வயசாகி காது மந்தமாகறப்ப மொதல்ல போறது கீச்சுன்னு இருக்கிற மேல் ஸ்தாயி சத்தங்கள்தான், அதாவது ச, ஸ, த, ஃப மாதிரி எழுத்துக்களோட ஓசை. யாரோ பேசறாங்கன்னு கேக்கும், என்ன பேசறாங்கன்னு தெரியாது. அமைதியான ரூம்ல மெஷின் போட்டுக்கிட்டா எங்களை விட அம்மாவுக்கு நல்லாவே கேக்கும், சமையல்கட்டுல நின்னுக்கிட்டு ஹால்ல நாங்க குசுகுசுன்னு பேசறதுக்குப் பதில் சொல்லுவாங்க. ஆனா இரைச்சல்ல மெஷின் என்ன பண்ணும், பேச்சையும் பெருசாக்கும், பாட்டையும் பெருசாக்கும், பக்கத்து டேபிள் கூச்சலையும் பெருசாக்கும். நல்ல காது இருக்கிறவனுக்கு ஒரு கூட்டத்துல பத்து குரல் கேட்டாலும் தனக்கு வேண்டிய ஒரு குரலைப் பிடிச்சுக்க முடியும், 1953ல காலின் செர்ரிங்கறவர் இதை ஆராய்ச்சி பண்ணி எழுதினதிலேருந்து எத்தனையோ பேர் இதையே துருவிட்டு இருக்காங்க. காது போனா அந்தப் பிடிமானமும் நழுவிடுது.

அம்மா பிறந்தநாளுக்குத்தான் உங்க கிட்ட டேபிள் புக் பண்ணோம். அவங்களே ஆசைப்பட்டுக் கேட்ட இடம், "அந்தப் புத்தகம் இருக்கிற கடைக்குப் போலாம்"னு. வந்து உக்காந்த கொஞ்ச நேரத்துல அம்மா முகத்துல ஒரு சிரிப்பு வந்து ஒட்டிக்கிச்சு. அந்த சிரிப்பை வீட்ல ஹியரிங் எய்ட் போடறவங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். யார் வாயசைச்சாலும் அதே சிரிப்பு, அதே தலையாட்டல். என் பையன் ஸ்கூல்ல நடந்ததை பாட்டி கிட்ட ஆசையா சொல்றான், அம்மா சிரிச்சுத் தலையாட்டறாங்க, அவன் சொன்னது ஃப்ரெண்டோட சண்டை போட்டு அழுத கதை. அவன் என்னைப் பாத்தான். நான் என்ன சொல்ல? கொஞ்ச நேரம் கழிச்சு அம்மா மெஷின் ரெண்டையும் கழட்டி பர்ஸ்ல போட்டுக்கிட்டாங்க, தலை வலிக்குதாம். பிறந்தநாள் அவங்களுக்கு, சுத்தி ஒரு டேபிள் நிறைய நாங்க, நடுவுல அவங்க மட்டும் தனியா.

அப்பத்தான் உங்க மேனேஜர் கிட்டப் போய் கொஞ்சம் குறைக்க முடியுமான்னு கேட்டேன். அவர் மரியாதையாத்தான் பேசினாரு, அதை நான் மறுக்கல. "கஸ்டமர்ஸ் எனர்ஜி எதிர்பாக்கறாங்க மேடம், அமைதியா பேசணும்னா வீட்லயே பேசிக்கலாமே"ன்னாரு. கிண்டலா கூட சொல்லல, நிஜமாவே அவருக்கு அது ஒரு நல்ல யோசனையா பட்டிருக்கு.

வீட்ல பேசிக்கலாம்தான். ஆனா வீட்ல அம்மா உக்கார மாட்டாங்களே சார். வீட்ல எங்க எல்லாருக்கும் சாப்பாடு சூடா வர்றதுக்கு யாராவது ஒருத்தர் அடுப்பு பக்கத்துல நிக்கணும், பெரும்பாலும் அது அம்மா, இப்ப இப்ப அண்ணியும் நானும். ஒருத்தர் எழுந்து போவாங்க, இன்னொருத்தர் டிவி போடுவாங்க, கரண்ட் பில் ஞாபகம் வரும், யாரோ காலிங் பெல் அடிப்பாங்க. குடும்பத்துல எல்லாரும் ஒரே நேரத்துல, ஒரே டேபிள்ல, எழுந்து ஓடாம, மொத கவளத்துலேருந்து கடைசி காபி வரைக்கும் உக்காந்திருக்கிறது வெளிய சாப்பிடறப்ப மட்டும்தான் நடக்குது. அதுக்குத்தான் காசு குடுக்கறோம். உங்க தொழில் ஆரம்பிச்சதே அப்படித்தானே? 18ம் நூற்றாண்டுல, 1760கள்லேருந்து பாரீஸ்ல இந்த மாதிரி இடங்கள் வர்றதுக்கு முன்னாடி, வெளிய சாப்பிடறவன் சத்திரத்துல அவங்க சொல்ற நேரத்துக்குப் போய், தெரியாதவங்களோட ஒரே நீள டேபிள்ல இடிச்சுக்கிட்டு உக்காந்து, அன்னிக்கு வச்சதைச் சாப்பிட்டு வரணும். தனி டேபிள், உனக்குத் தோணின நேரம், பட்டியலைப் பாத்து நீயே தேர்ந்தெடுத்துக்கலாம்ங்கறதுதான் புதுசா வந்த அதிசயம். அதாவது ஊர் நடுவுல உனக்குன்னு ஒரு டேபிள். அந்த டேபிளைச் சுத்தி உக்காந்திருக்கிறவங்க ஒருத்தரை ஒருத்தர் கேக்க முடியலன்னா அப்புறம் தனி டேபிள் எதுக்கு, நீள டேபிளே போட்டுடலாமே.

எங்க அம்மா மாதிரி எத்தனை பேர் வந்துடப் போறாங்கன்னு ஒரு கணக்கு உங்க மனசுல ஓடலாம். உலக சுகாதார நிறுவனம் 2021ல வெளியிட்ட அறிக்கைப்படி உலகத்துல 150 கோடிக்கும் மேல பேருக்கு ஏதோ ஒரு அளவுல காது கேக்கறதுல குறை இருக்கு, 2050ல அது கிட்டத்தட்ட 250 கோடி ஆகும்ங்கறாங்க. அவங்க தனியா சாப்பிட வர மாட்டாங்க, ஒரு குடும்பத்தையே கூட்டிட்டு வருவாங்க, இல்லன்னா ஒரு குடும்பத்தையே வர விடாம பண்ணுவாங்க. எங்க வீட்ல இப்ப நடக்கறது ரெண்டாவது. காது நல்லா இருக்கிறவங்களுக்கும் இது சும்மா இல்ல. சின்னக் குழந்தைங்க, தனக்கு அவ்வளவா பழக்கம் இல்லாத மொழியில பேசிட்டு இருக்கிறவங்க, இயல்பாவே மெல்லிசா பேசறவங்க, மொத மொத சந்திச்சு என்ன பேசறதுன்னு தயங்கிட்டு உக்காந்திருக்கிற ரெண்டு பேர், இவங்களுக்கெல்லாம் இரைச்சல்ல பேச்சு அறுந்து அறுந்துதான் போகுது. பக்கத்து டேபிள்ல ஒரு ஜோடியைப் பாத்தேன், கொஞ்ச நேரம் கத்திப் பாத்துட்டு ரெண்டு பேரும் போனை எடுத்துட்டாங்க. ஒருவேளை ஒருத்தருக்கொருத்தர் மெசேஜ் அனுப்பிட்டு இருந்தாங்களோ என்னவோ.

உங்க செஃப் இதைப் படிப்பார்னா அவருக்கு ஒரு வார்த்தை. நீங்க கிச்சன்ல உப்பு ருசி பாத்து சரியா போட்டு அனுப்பறது எங்க டேபிளுக்கு வர்றப்ப அப்படி இருக்கிறதில்ல. 2011ல வந்த ஒரு ஆராய்ச்சியில, ஹெட்போன்ல பலமா இரைச்சல் கேட்டுக்கிட்டே சாப்பிட்டவங்களுக்கு இனிப்பும் உப்பும் குறைவா தெரிஞ்சிருக்கு. 2015ல கார்னெல் யுனிவர்சிட்டியில பண்ணினதுல விமானத்துக்குள்ள இருக்கிற அளவு இரைச்சல்ல இனிப்பு மங்கிப் போய், தக்காளி, காளான்ல எல்லாம் இருக்கிற உமாமிங்கற ருசி மட்டும் தூக்கலா தெரிஞ்சுதாம். விமானத்துக்குள்ள இருக்கிறதும் ஏறக்குறைய அதே எண்பத்தஞ்சு டெசிபல்தான். அப்ப நீங்க நேரம் எடுத்து பக்குவமா செய்யறதை நாங்க ஓடற விமானத்துல உக்காந்து சாப்பிடற மாதிரி சாப்பிட்டுட்டுப் போறோம். இதுல உங்களுக்கு வருத்தம் இல்லையா?

வியாபாரம் பத்தியும் பேசிடலாம், ஏன்னா கடைசியில எல்லாம் அங்கதான் வந்து நிக்கும். சத்தமா, வேகமா பாட்டு போட்டா டேபிள் சீக்கிரம் காலியாகும்னு ஒரு கணக்கு இந்தத் தொழில்ல இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். பாட்டோட வேகத்தைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்ல. 1986ல ரொனால்ட் மில்லிமன்ங்கறவர் ஒரு ரெஸ்டாரன்ட்ல வேகமான இசையையும் மெதுவான இசையையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தாரு. மெதுவான இசையில ஜனங்க கூடுதல் நேரம் உக்காந்தாங்க. சாப்பாட்டுச் செலவுல பெரிசா வித்தியாசம் இல்ல, ஆனா குடிக்கிற ஐட்டங்களுக்கு நல்லாவே கூடுதலா செலவு பண்ணாங்க. சோ, சீக்கிரம் கிளப்பி விடறதுலயும் ஒரு லாபம் இருக்கு, உக்கார வைக்கிறதுலயும் ஒரு லாபம் இருக்கு, எது வேணும்ங்கறது உங்க இஷ்டம். கூட்ட நாள்ல ஒரு டேபிளுக்கு ரெண்டு மணி நேரம்தான்னு புக் பண்றப்பவே சொல்லுங்க, நாங்க அதுக்குத் தகுந்த மாதிரி வந்துட்டுப் போறோம், அது நேர்மையான விஷயம், அதுல எனக்குக் கோபமே வராது. வாய்ல சொல்லாம காதுல அடிச்சு வெரட்டறதுதான் வேண்டாம்.

இன்னொண்ணு, நாங்க வந்துட்டுப் போயிடுவோம், உங்க ஆளுங்க? வேலை செய்யற இடத்துல 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் இருக்கலாம்னு அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்பை ஆராயற நியோஷ் வரையறை வச்சிருக்கு. அதுக்கு மேல ஒவ்வொரு மூணு டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 88னா நாலு மணி நேரம், 91னா ரெண்டே மணி நேரம். இது ஃபேக்டரிக்குத்தான்னு நினைக்காதீங்க, காதுக்கு அது ஃபேக்டரியா ரெஸ்டாரன்ட்டான்னு தெரியாது. உங்ககிட்ட பல வருஷமா இருக்கிற அந்தப் பெரியவர், எங்க அப்பாவைப் பாத்தா "வாங்க சார், உங்க ஜன்னலோர டேபிள் இருக்கு"ன்னு கூப்பிடறவர், இப்ப ஆர்டர் எடுக்க வர்றப்ப எங்க வாயையே உத்துப் பாத்துட்டு நிக்கறாரு. ஒண்ணு சொன்னா வேற ஒண்ணு வந்துது. அவரைத் திட்டிடாதீங்க, நாங்களும் திட்டல, வந்ததையே சாப்பிட்டோம்.

மெனு பத்தி ரெண்டு வரி. க்யூஆர் கோட் நல்ல கண்டுபிடிப்புதான், 1994ல ஜப்பான்ல கார் பார்ட்ஸைக் கணக்கு வைக்கிறதுக்காக உருவாக்கினது. எங்க அப்பா கார் பார்ட்ஸ் இல்ல. மங்கலான வெளிச்சத்துல போனை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு, கண்ணாடியை நெத்தியில ஏத்தி எறக்கி, ஸ்கிரீனை நகத்தி நகத்தி, கடைசியில "நீங்க எல்லாம் என்ன சொல்றீங்களோ எனக்கும் அதே"ன்னுட்டாரு. மெனுவை ரசிச்சுப் படிச்சு ஒவ்வொண்ணையும் விசாரிச்சு ஆர்டர் பண்றதுல பாதி சந்தோஷம் காணற மனுஷன் அவரு.

யூத்துக்கு இப்படி இருந்தாத்தான் பிடிக்கும்னு சொல்லுவீங்க. என் தங்கச்சி பொண்ணு காலேஜ் படிக்கிறா, அவ ஃப்ரெண்ட்ஸோட உங்க கிட்ட வந்து போட்டோ எடுத்துட்டு, பேசறதுக்கு வெளிய படிக்கட்டுல போய் உக்காந்தாங்களாம். சத்தம் பிடிக்கிறவங்களும் இருப்பாங்க, நான் இல்லைங்கல, அவங்களுக்குன்னு ஒரு நேரம், ஒரு பக்கம் ஒதுக்குங்க, ஆடட்டும் பாடட்டும். லைப்ரரி மாதிரி வச்சிருங்கன்னும் நான் கேக்கல. பேச்சே இல்லாத ஹால்ல சாப்பிடறதும் ஒரு தண்டனைதான், நாம மெல்லற சத்தம் நமக்கே கேக்கும், பக்கத்து டேபிள்காரங்க நம்ம குடும்ப விவகாரம் எல்லாத்தையும் கேட்டுட்டுப் போவாங்க. கொஞ்சம் சலசலப்பு வேணும், மெல்லிசா பாட்டும் வேணும், அதுதான் ஒரு டேபிளுக்கும் இன்னொரு டேபிளுக்கும் நடுவுல சுவர் மாதிரி நிக்கும். பழைய ஹால்ல அது சரியா இருந்துது. யாரும் டெசிபல் அளந்து வச்சிருக்க மாட்டாங்க, திரையும் கம்பளமும் மெத்தையும் புத்தகமும் சத்தமில்லாம அந்த வேலையைப் பாத்துட்டு இருந்துது, நீங்க அதையெல்லாம் வெறும் அலங்காரம்னு நினைச்சு எடுத்துட்டீங்க.

சரி, என்ன வேணும்னு தெளிவா சொல்லிடறேன்.

அந்த போர்டை எடுங்க. காது கேக்காத ஒருத்தர் உதவி கேக்கறதுக்கு முன்னாடியே வாயை மூடுன்னு சொல்ற மாதிரி இருக்கு அது. உங்க ஆளுங்க கிட்ட, யாராவது வந்து கேட்டா அந்தப் பக்கத்து ஸ்பீக்கரைக் குறைக்கிறதுக்கு மேனேஜர் பர்மிஷன் தேவையில்லன்னு சொல்லி வைங்க. கூட்டம் ஏறினா வால்யூமை ஏத்துற பழக்கத்தை நிறுத்துங்க, அப்ப கொஞ்சம் எறக்கிப் பாருங்க, மொத்த ஹாலும் தானா குரலைத் தாழ்த்தும். காலியா இருக்கிற காலை நேரத்துல அளந்துட்டு எல்லாம் ஓகேன்னு சொல்லாதீங்க, ஹால் நிறைஞ்சிருக்கிற நேரத்துல, டேபிள்ல உக்காந்து அளங்க, 70 டெசிபலுக்குப் பக்கத்துல கொண்டு வாங்க. மீட்டர் இல்லன்னா எதிரெதிர்ல ரெண்டு பேர் உக்காந்து குரலை உயர்த்தாம பேசிப் பாருங்க, அதை விட நல்ல மீட்டர் இல்ல.

சிமென்ட் சுவரும் நியானும் இருந்துட்டுப் போகட்டும், அதுல பணம் போட்டிருக்கீங்க, இடிக்கச் சொல்லல. கூரையில சத்தம் உறிஞ்சற பேனல் போடுங்க, அது போட்டோல கூட விழாது. டேபிள் பலகைக்கு அடியில ஃபெல்ட்ங்கற தடிமனான துணியை ஒட்டலாம், யாருக்கும் தெரியாது. கண்ணாடிக்குத் திரையும் சேருக்கு மெத்தையும் திரும்ப வரட்டும், பழசு எங்கயாவது கோடவுன்லதான் கிடக்கும். ஜன்னலோர பக்கத்துல நாலஞ்சு டேபிளாவது ஸ்பீக்கரே இல்லாம விடுங்க, அதை போன்ல புக் பண்றப்பவே கேட்டு வாங்கற மாதிரி வைங்க. பெரிய எழுத்துல அச்சடிச்ச மெனு ஒரு கட்டு கவுன்டர்ல இருக்கட்டும், கேக்கறவங்களுக்குக் குடுங்க. உங்க ஊழியர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை காது டெஸ்ட் எடுங்க, அந்தப் பெரியவருக்கு மொதல்ல.

இதுல எதைச் செய்வீங்க, எதைச் செய்ய மாட்டீங்க, எப்போன்னு இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லுங்க. எனக்குத் தனியா போன் பண்ணி டிஸ்கவுன்ட் கூப்பன் தர வேண்டாம், எல்லாருக்கும் தெரியற மாதிரி சொல்லுங்க. அடுத்த மாசம் அப்பாவுக்கும் பிறந்தநாள் வருது. ஏழு பேருக்கு டேபிள் வேணும், மத்தியானத்துலேருந்து சாயங்காலம் வரைக்கும். உங்க கிட்ட புக் பண்றதா வேற இடம் பாக்கறதான்னு உங்க பதிலைப் பாத்துட்டு முடிவு பண்றோம்.

இப்படிக்கு,
ஜன்னலோர டேபிள் குடும்பத்துல ஒருத்தி